அடுத்தவர் கதையை இயக்குபவர்: டிவி எபிசோட் டைரக்டர் என்ன செய்கிறார்?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து விஸ்காம் படிக்கப் போகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். லீவுக்கு ஊருக்கு வரும்போது அவர்கள் கேட்கும் சந்தேகங்களில் ஒன்று அடிக்கடி வரும். "இங்கிலீஷ் சீரியல்ல எபிசோடுக்கு ஒரு டைரக்டர் பேர் வருதேண்ணா, அதுல யாரு நிஜ டைரக்டர்?" அந்தப் பெயர்களைத் தேடிப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். ஒருவர் ஐம்பது, அறுபது தொடர்களில் வேலை செய்திருப்பார். நூற்றுக்கணக்கான எபிசோடுகள் அவர் கணக்கில் இருக்கும். ஆனால் "இது அவருடைய தொடர்" என்று காட்ட ஒன்றுகூட இருக்காது.

அவர்கள் எல்லோருமே நிஜ டைரக்டர்கள்தான். அங்கே தொடர் எழுத்தாளருக்குச் சொந்தம். கதை எங்கே போக வேண்டும், யார் சாக வேண்டும், யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் தலைமை எழுத்தாளர். அவரை ஷோரன்னர் என்பார்கள். நடிகர்களும் செட்டும் உடைகளும் இசையும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். எபிசோட் டைரக்டர் நடுவில் வருகிறார், தன் எபிசோடை எடுத்துக் கொடுக்கிறார், அடுத்த தொடருக்குப் போய்விடுகிறார். சினிமாவில் கப்பலின் கேப்டன் என்று சொல்லப்படும் ஆள், இங்கே விருந்தாளி.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத ஏற்பாடு இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ராத்திரிக்கு ஒரு கதை. கடைசியில் மண்ணால் செய்த துரியோதனனைக் கிடத்தி படுகளம். கூத்து வாத்தியார் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், பகடை துகில் ராத்திரியில் விரிந்த கூந்தலை அடுத்த ராத்திரியே முடிய வைக்க முடியாது. அது படுகளத்தில்தான் முடிய வேண்டும். அதற்காக வாத்தியாருக்கு அங்கே வேலையில்லை என்று யாராவது சொல்வோமா? அதே பகடை துகிலை ஒருவர் நடத்தினால் சனம் எழுந்து டீக்கடைக்குப் போகும், இன்னொருவர் நடத்தினால் விடிய விடிய அசையாது. எபிசோட் டைரக்டரின் திறமை இருப்பதும் அந்த இடத்தில்தான். கதை அவர் கையில் இல்லை. அந்த ராத்திரி அவர் கையில் இருக்கிறது.

சரி, ஒரு எபிசோடுக்கு அவர் என்னென்ன செய்கிறார்?

அமெரிக்காவில் ஒரு மணி நேரத் தொடர் என்றால் வழக்கமாக ஏழு நாள் தயாரிப்பு, எட்டு நாள் படப்பிடிப்பு. ஒரு டைரக்டர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த எபிசோடின் டைரக்டர் அதே வளாகத்தில் தயாரிப்பு வேலையைத் தொடங்கியிருப்பார். ஒரே ஆளே எல்லாவற்றையும் எடுப்பதென்றால், அவர் தயாரிப்பில் இருக்கும் ஏழு நாளும் யூனிட் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எபிசோடுக்கு எபிசோட் பெயர் மாறுவதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான்.

தயாரிப்பு நாட்களில் லொகேஷன் பார்ப்பது, துணை நடிகர்களைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் மிக முக்கியமானது டோன் மீட்டிங். டைரக்டரும் எழுத்தாளரும் உட்கார்ந்து ஸ்கிரிப்டை சீன் சீனாகப் புரட்டிப் பேசுவார்கள். இந்த அம்மா இங்கே கோபப்படுகிறாளா, பயப்படுகிறாளா? இந்த ஜோக்குக்கு நாம் சிரிக்க வேண்டுமா, பக்கத்தில் நிற்பவனுக்கு வலிக்க வேண்டுமா? ஐந்தாவது எபிசோடில் வந்த ஒரு பார்வைக்குப் பதினோராவது எபிசோடில் என்ன அர்த்தம் வரப்போகிறது என்பது எழுத்தாளருக்குத்தான் தெரியும். அதை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளாத டைரக்டர் ஸ்பாட்டில் தடுமாறுவார்.

படப்பிடிப்பில் ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம் ஸ்கிரிப்ட் முடிய வேண்டும். பெரிய பட்ஜெட் சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் முடித்தாலே நல்ல வேகம். எடுத்து முடித்தபின் டைரக்டருக்கு எடிட்டிங்கில் நான்கு நாள் கிடைக்கும். அந்த நாட்களில் அவர் தன் விருப்பப்படி ஒரு வடிவம் செய்து வைக்கலாம். டைரக்டர்கள் சங்கம் போராடி வாங்கிய உரிமை இது. அதற்குப் பிறகு எபிசோட் எழுத்தாளர், தயாரிப்பாளர் கைக்குப் போய்விடும். அவர்கள் அதை மாற்றலாம், மாற்றுவார்கள்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இப்படி ஒரு சீன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு தக்காளி மண்டி, விடியற்காலை. விலை படுத்துவிட்டது. கூடைக்குக் கிடைத்த காசு பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே பற்றாது. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டக் கடைசி நாள் இன்று. மகள் மண்டிக்கே வந்து நிற்கிறாள். ஸ்கிரிப்டில் இரண்டு பக்கம். அப்பா உண்மையைச் சொல்லவில்லை. "சாயங்காலம் தரேன் பாப்பா, நீ காலேஜுக்குப் போ" என்கிறார். உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறிவிட்டால் விடியற்காலை வெளிச்சம் திரும்ப வராது.

புது டைரக்டர் என்ன செய்வார்? முதலில் மொத்த மண்டியும் தெரிகிற மாஸ்டர் ஷாட் எடுப்பார். அடுத்து அப்பாவின் தோளுக்கு மேலாக மகளைப் பார்க்கும் சஜஷன், மகளின் தோளுக்கு மேலாக அப்பா, அப்புறம் இரண்டு பேருக்கும் குளோசப். எல்லாவற்றையும் முழு வசனத்தோடு எடுப்பார். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் முடிந்திருக்கும். அப்பாவாக நடிப்பவர் அந்தப் பொய்யைப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி, குளோசப் வரும்போது அவரிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

அனுபவஸ்தர் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார். இந்த சீன் எந்த நொடியில் இருக்கிறது? என் பார்வையில், அப்பா பொய் சொல்லும்போது மகளைப் பார்க்கிறாரா இல்லையா என்பதில் இருக்கிறது. அவர் குனிந்து கூடைகளை எண்ணிக்கொண்டே அதைச் சொன்னால், மகளுக்கும் புரிந்துவிடும், நமக்கும் புரிந்துவிடும். அப்படியானால் தேவையானது மூன்றே ஷாட். லாரியிலிருந்து கூடை இறங்குவதில் தொடங்கி அப்பாவிடம் வந்து நிற்கும் ஒரு நீள ஷாட். குனிந்த முகத்தோடு அவர் பொய் சொல்லும் குளோசப், அதை முதலிலேயே, நடிகர் புதுசாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மகள் ஒன்றும் பேசாமல் தலையாட்டும் ரியாக்‌ஷன். அவ்வளவுதான். ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் அடுத்த சீனுக்கு.

என்ன எடுக்க வேண்டும் என்பதைவிட எதை எடுக்க வேண்டாம் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலில் பெரிய படிப்பு. நூறு எபிசோட் எடுத்தவருக்கும் முதல் எபிசோட் எடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான் தெரியும்.

இப்போது ஒரு நிஜ வாழ்க்கையைப் பார்ப்போம். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஜேம்ஸ் பர்ரோஸ். 1940-ல் பிறந்தவர். அப்பா ஏப் பர்ரோஸ் நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் புகழ்பெற்ற நாடக ஆசிரியர். மகன் நாடக மேடையின் பின்பக்கத்தில் உதவி ஸ்டேஜ் மேனேஜராக வேலை பழகினார். 1966-ல் அவர் வேலை பார்த்த ஓர் இசை நாடகம் முறையாகத் தொடங்கும் முன்பே மூடப்பட்டது. அதில் நடித்தவர் மேரி டைலர் மூர். பின்னாளில் மேரி தன் பெயரிலேயே ஒரு டிவி தொடரில் நடித்துக்கொண்டிருந்தபோது, பர்ரோஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில்தான் கதவு திறந்தது. 1974-ல் மேரியின் தொடரில் ஒரு எபிசோட் கிடைத்தது.

அதற்கப்புறம் அவர் நிற்கவே இல்லை. டாக்ஸி தொடரில் பெரும்பாலான எபிசோடுகள். 1982-ல் எழுத்தாளர்களான சார்லஸ் சகோதரர்களோடு சேர்ந்து சியர்ஸ் தொடரை உருவாக்கினார், அதில் மட்டும் 237 எபிசோட் இயக்கினார். பிரேசியர், பிரண்ட்ஸ், பிக் பேங் தியரி ஆகிய தொடர்களின் முதல் எபிசோடுகள் அவர் எடுத்தவை. வில் அண்ட் கிரேஸ் தொடரின் 246 எபிசோடுகளையும் அவர் ஒருவரே இயக்கினார். 2015 வாக்கில் அவருடைய கணக்கு ஆயிரத்தைத் தொட்டது, அதைக் கொண்டாடி 2016-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சியே நடந்தது.

பர்ரோஸ் எடுப்பது சிட்காம் என்ற வகை. பார்வையாளர்களை உட்கார வைத்து, நாடகம் போல நடத்தி, நான்கு கேமராவில் ஒரே நேரத்தில் எடுப்பது. மேலே சொன்ன பதினைந்து நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது. இங்கே ஒரு வாரம்தான். முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்ட் வாசிப்பார்கள். அப்புறம் ஒத்திகை. தினமும் சாயங்காலம் எழுத்தாளர்கள் முன்னால் முழுசாக ஒரு தடவை நடித்துக் காட்டுவார்கள். சிரிப்பு வராத வசனத்தை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதுவார்கள். அப்புறம் கேமரா ஒத்திகை. கடைசியில் ஜனங்கள் முன்னால் படப்பிடிப்பு.

படப்பிடிப்பு ராத்திரியில் பர்ரோஸ் மானிட்டரைப் பார்ப்பதில்லை. கேமராக்களுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, வசனத்தைக் காதால் கேட்பார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சரியா, சிரிப்பு வர வேண்டிய இடத்துக்கு அரை நொடி முன்னால் நடிகர் மூச்சு விட்டாரா என்பதெல்லாம் அவருக்குக் காதில் தெரிந்துவிடும். எந்த கேமரா எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்துவிட்டதால், ராத்திரியில் கண்ணுக்கு வேலை குறைவு. நாடகக் கொட்டகையில் வளர்ந்த ஆள் டிவிக்குக் கொண்டுவந்த பழக்கம் அது.

பிரண்ட்ஸ் ஒளிபரப்பாவதற்கு முன்பே அதன் ஆறு நடிகர்களையும் அவர் லாஸ் வேகாஸுக்கு அழைத்துப்போனார். "யாரும் உங்களை அடையாளம் தெரியாமல் நீங்கள் வெளியே நடமாட இதுதான் கடைசி வாய்ப்பு" என்கிற பொருளில் அவர்களிடம் சொன்னதாக அவரும் நடிகர்களும் பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆறு பேரும் திரைக்கு வெளியேயும் சிநேகிதர்களாக இருந்தால்தான் திரையில் அது தெரியும் என்பது அவர் கணக்கு. இதுவும் டைரக்‌ஷன்தான். ஷாட் பிரிப்பது மட்டும் அந்த வேலை இல்லை.

முதல் எபிசோடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை பைலட் என்பார்கள். சேனல் அதைப் பார்த்துத்தான் தொடரை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். பைலட் எடுப்பவர் மற்ற எபிசோட் டைரக்டர்களைப் போல விருந்தாளி இல்லை. நடிகர்கள் தேர்வு, செட்டின் அளவு, வெளிச்சம், கேமரா நகரும் விதம் எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. பின்னால் வருபவர்கள் எல்லோரும் அவர் போட்ட தடத்தில்தான் நடப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் ராபர்ட் பட்லர். பர்ரோஸ் அளவுக்குப் பெயர் தெரியாத ஆள், ஆனால் வீச்சு என்று பார்த்தால் பர்ரோஸைவிடப் பெரியவர் என்பேன். விண்வெளிக் கதைத் தொடரான ஸ்டார் டிரெக்கின் முதல் பைலட் அவருடையது. சேனல் அதை வேண்டாம் என்று சொல்லி இரண்டாவது பைலட் கேட்டது வேறு கதை. 1966-ல் வந்த பேட்மேன் தொடரின் தொடக்கமும் அவருடையதுதான். வில்லன்களின் இருப்பிடம் வந்தால் கேமராவைச் சாய்த்து வைத்து எடுக்கும் பாணி அந்தத் தொடரின் அடையாளமாகிப் போனது. அப்புறம் 1981-ல் ஹில் ஸ்ட்ரீட் புளூஸ். போலீஸ் ஸ்டேஷன் கதை. அதுவரை டிவியில் போலீஸ் ஸ்டேஷன் என்றால் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பட்லர் கேமராவைத் தோளில் தூக்க வைத்தார். பேசுபவருக்கு முன்னால் வேறு யாரோ குறுக்கே போவார்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், படம் அழுக்காக, நெரிசலாக இருக்கும். அதற்கு அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மியும் வாங்கினார். பின்னாளில் வந்த எத்தனையோ போலீஸ், ஆஸ்பத்திரித் தொடர்கள் அந்தத் தடத்தில் வந்தவை. கேலிச்சித்திரம் மாதிரி ஒன்று, செய்திப்படம் மாதிரி ஒன்று என இரண்டையும் ஒரே ஆள் தொடங்கி வைத்திருக்கிறார்.

ஐ லவ் லூசி என்ற பழைய நகைச்சுவைத் தொடரின் முதல் சீசனில் பெரும்பாலான எபிசோடுகளை எடுத்த மார்க் டேனியல்ஸ், பதினைந்து வருடம் கழித்து ஸ்டார் டிரெக்கில் விண்வெளிக் கப்பலை இயக்கிக்கொண்டிருந்தார். நடிகையாக இருந்து டைரக்டரான ஐடா லுபினோ 1950, 60-களில் திகில், கௌபாய், நகைச்சுவை என்று எல்லா வகைத் தொடர்களுக்கும் கூப்பிடப்பட்டார். பழைய ட்விலைட் ஸோன் தொடரில் எபிசோட் இயக்கிய ஒரே பெண் அவர்.

இப்படிப்பட்டவர்களின் பட்டியலை எப்படி வாசிப்பது என்று கேட்டால், மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள் என்பேன். ஒரே தொடருக்கு எத்தனை தடவை திரும்பக் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஒரு தடவை போய்த் திரும்பி வராத தொடர்கள் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் மூன்றாவது சீசனிலும் நான்காவது சீசனிலும் அதே பெயர் வந்தால், அந்த செட்டில் நடிகர்களும் லைட்மேன்களும் எழுத்தாளரும் அவரை நம்புகிறார்கள் என்று பொருள். நேரத்துக்கு முடிப்பார், பட்ஜெட்டைத் தாண்ட மாட்டார், சத்தம் போட மாட்டார் என்ற பெயர்தான் அடுத்த வேலையை வாங்கித் தரும். அடுத்து, சீசனின் தொடக்கமும் முடிவும் யாரிடம் கொடுக்கப்பட்டன என்று பாருங்கள். கனமான எபிசோடுகளை நம்பிக்கையானவரிடம்தான் கொடுப்பார்கள்.

நம் தமிழ்த் தொடர்களில் நிலைமை தலைகீழ். இங்கே ஒரு டைரக்டர் ஒரு தொடரையே வருடக்கணக்கில் சுமப்பார். திருமுருகன் மெட்டி ஒலியை 2002 முதல் 2005 வரை 800 எபிசோடுக்கு மேல் கொண்டுபோனார். அப்புறம் நாதஸ்வரம், அதில் ஆயிரமாவது எபிசோடை 2014-ல் ஒரே ஷாட்டில் நேரலையாக எடுத்துக் காட்டினார். திருச்செல்வத்தின் கோலங்கள் 2003-லிருந்து 2009 வரை 1500 எபிசோடைத் தாண்டியது. எண்ணிக்கையில் பர்ரோஸ் பக்கத்தில் நிற்கக்கூடியவர்கள் இவர்கள். ஆனால் வேலை வேறு மாதிரி. பர்ரோஸ் ஒரு வாரத்துக்கு இருபத்தி இரண்டு நிமிடக் கதை எடுத்தார். இங்கே கிட்டத்தட்ட அதே அளவு தினமும் ஒளிபரப்பாக வேண்டும். சீன் பேப்பர் சில சமயம் காலையில்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுத்து பிராம்ப்ட் பண்ணுவார். நடிகரின் கால்ஷீட் கிடைக்காவிட்டால் கதையையே வளைக்க வேண்டும். டிஆர்பி இறங்கினால் சேனலிலிருந்து போன் வரும். எபிசோட் கையிருப்பு தீர்ந்துபோனால் செகண்ட் யூனிட் போட்டு இன்னொருவர் தனியாக எடுப்பார். அந்த இன்னொருவர்தான் நம் ஊரின் உண்மையான எபிசோட் டைரக்டர், டைட்டிலில் அவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது சரியில்லை என்பது என் கருத்து. அடுத்தவர் பாணியில், அடுத்தவர் நடிகர்களை வைத்து, ஒரு வித்தியாசமும் தெரியாமல் எடுத்துக் கொடுப்பது லேசான காரியம் இல்லை.

இரண்டுக்கும் நடுவிலும் ஒரு வழி இருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா உள்ளிட்டவர்கள் இயக்கிய மர்மதேசம் தொடர் தனித்தனிக் கதைகளாக, தொடக்கமும் முடிவும் உள்ளதாக வந்தது. அதில் ஒரு கதையான விடாது கருப்பு பார்த்துவிட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்தவர்கள் நம் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். இப்போது ஓடிடியில் எட்டு எபிசோட், பத்து எபிசோட் என்று வரும் தமிழ்த் தொடர்கள் அந்த வழிக்குத்தான் திரும்பியிருக்கின்றன. சிலவற்றில் எபிசோடுகளை ஒன்றுக்கு மேற்பட்ட டைரக்டர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்த வேலை இங்கேயும் வளரும்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது? அமெரிக்காவில் நடிகர், கேமராமேன், எடிட்டர், உதவி இயக்குநர் என்று பல வாசல் உண்டு. ஸ்டார் டிரெக் நடிகர் ஜொனாதன் பிரேக்ஸ், தன் காட்சி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் எடிட்டிங் அறையிலும் மற்ற டைரக்டர்கள் பின்னாலும் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். 1990-ல் அவருக்கு ஒரு எபிசோட் கொடுத்தார்கள். இன்றுவரை இயக்கிக்கொண்டிருக்கிறார். இப்படிப் பின்னால் நின்று பார்ப்பதை ஷேடோயிங் என்பார்கள், அங்கே அது முறையான பயிற்சி வழி. இங்கே உதவி இயக்குநராகச் சேர்வதுதான் வாசல். முதலில் கையில் கொடுப்பது கன்டினியூட்டி நோட். முந்தின சீனில் மருமகள் எந்தப் புடவை கட்டியிருந்தாள், டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது, தாலி வெளியே தெரிந்ததா என்று எழுதி வைக்கும் வேலை. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நேற்று எடுத்ததற்கும் நாளை எடுக்கப்போவதற்கும் நடுவில் ஒரு சீனைப் பொருத்துவது எப்படி என்பதை வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகக் கற்க முடியாது.

அதுவரை வீட்டிலிருந்தே ஒரு பயிற்சி செய்யலாம். ஏதாவது ஒரு தொடரில் வெவ்வேறு டைரக்டர்கள் எடுத்த இரண்டு எபிசோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே இரண்டு பேர் பேசும் சீனைத் தேடுங்கள். சமையலறை, ஆபீஸ், கார் எதுவானாலும் சரி. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். யார் முகத்தில் ஷாட் தொடங்குகிறது, பேசாதவர் முகத்தை எத்தனை தடவை காட்டுகிறார்கள், யார் எந்த நொடியில் எழுந்து நிற்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு, பர்ரோஸ் மாதிரி, சத்தத்தை மட்டும் கேளுங்கள். எந்த எபிசோடை யார் எடுத்தது என்று பெயரைப் பார்க்காமலே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.